வரியும் கணக்கும்



வரி என்னும் சொல்லைக் கேட்டு முகஞ் சுளிக்காதார் உலகில் அரியர். ஆயினும் நம்மவருடைய வருத்தத்தைச் சற்று நெருங்கி ஆராய்வோமாயின், கொடுப்பதைக் காட்டிலும், கொடுத்தது எங்கே போயிற்று என்று அறியாதிருப்பதே அவர்கள் நெஞ்சை அறுக்கின்றது என்பது விளங்கும். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இம்மாநிலத்து நகரங்களில் சொத்துவரி உயர்த்தப்பட்டது. நகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதமும் ஏறிற்று. அவ்வமயம் திண்ணைதோறும் எழுந்த பேச்சு யாவருக்கும் நினைவிருக்கும். “வரிரசீது கையில் இருக்கிறது, தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை ஓடவில்லை, யாரைக் கேட்பது?” என்பதே அப்பேச்சின் சாரம். யாரைக் கேட்பது என்னும் அவ்வினாவுக்கு நம் நாட்டுச் சரித்திரம் கூறும் விடையைச் சுருங்க எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாம்.

திண்டுக்கல்லுக்கும் பழநிக்கும் இடையே, பெருவழியின்மேல் அமைந்துள்ளது ஒட்டன்சத்திரம். இன்று காய்கறிச் சந்தையால் இவ்வூர் பெயர் பெற்றுள்ளது. சுற்றுப்புறத்துக் கிராமங்களில் விளையும் தக்காளியும் முருங்கையும் இங்கே கூடிக் கேரள நாடு வரை செல்லுகின்றன. ஆனால் ஊரின் பெயரையே உற்று நோக்குங்கள். சத்திரம் என்பது யாது? வழிநடப்பார் தங்கி இளைப்பாறும் பொருட்டுப் பொதுப் பொருளால் நிறுவப்பெற்ற இடம். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழநிக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டத்தை நினைத்தால், இவ்வழியிற் சத்திரங்களின் அருமை புலனாகும். பொதுச் செலவு ஒன்றைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர், பொதுக் கணக்கைப் பற்றிப் பேசுவதற்கு மிகப் பொருத்தமானதன்றோ?

முதலிற் பழங்காலத்தைக் காண்போம். தொண்டைநாட்டு உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழனுடைய 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919லும் 921லும் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுக்கள் உள்ளன. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறை அவற்றில் விதிக்கப்பட்டுள்ளது. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் வேண்டும். தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, மகாசபை கூடிய இடத்தில், ஒன்றுமறியாச் சிறு பிள்ளையைக் கொண்டு எடுப்பித்தனர். எடுத்த ஓலையை வாங்குவோன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏந்தி, யாவரும் கேட்க வாசித்தல் வேண்டும். விரலிடுக்கிலே வேறோர் ஓலை ஒளிந்திருத்தலாகாது என்னும் எச்சரிக்கை எவ்வளவு நுட்பமானது பாருங்கள்!

இக்குடவோலை முறையை நம் மேடைப் பிரசங்கிகள் பலரும் புகழ்வர். ஆயினும் அவர்கள் விரைந்து கடந்து செல்லும் விதி ஒன்று உண்டு. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் பெயர் குடத்திலே புகலாகாது. அவன் பெயர் மட்டுமோ? அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மைத்துனன், மருமகன், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன், பெரிய தாய் சிறிய தாய் மக்கள், அத்தை மக்கள் என உறவின் முறையாரை வரிசையாக எண்ணி, அவர்கள் பெயரும் புகலாகாதெனத் தடுத்தனர். கணக்கெழுதுவோனுக்கும் கட்டளை உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே பெருமக்களிடம் காட்டிச் சுத்தன் எனப் பெற்ற பின்னரன்றி, மறுமுறை அவன் அவ்வேலைக்கு வரலாகாது. அவன் கணக்கை முடிக்க வேறொருவன் புகுதலும் ஆகாது.

ஒருவன் செய்த பிழைக்கு அவன் சுற்றத்தார் ஏன் தடைப்பட வேண்டும் என்று இக்காலத்தார் வினவுவர். நியாயமான வினாவே, இன்றைய சட்டம் அவ்வாறு தண்டிக்க இடந்தராது. எனினும் அவ்விதியை வகுத்தோர் மனித இயல்பை நன்கு உணர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. கணக்கை மறைப்பதற்கு இரும்புப் பெட்டியைக் காட்டிலும் உறவு சிறந்த மறைவிடம். மாமன் காட்டாத கணக்கை மருமகன் கேளான்.

அச்சபையை அளவுக்கு மீறிப் புகழ்தலும் தகாது. அது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேயம். நிலமும் சொந்த மனையில் வீடும் கல்வியும் உடைய ஆடவர் பெயரே குடத்திற் புகும். நிலத்தை உழுதவனுக்கும் பெண்மக்களுக்கும் அங்கே இடமில்லை. இன்று வயது வந்தார் அனைவர்க்கும் வாக்கு உண்டு. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தமிழ்நாட்டு ஊராட்சி நகராட்சி இடங்களிற் பாதி பெண்டிர்க்கு ஒதுக்கப்பட்டது. உரிமையில் நாம் பராந்தகன் காலத்தாரைவிட மிக உயர்ந்துள்ளோம். கணக்குக் கேட்பதில் உயர்ந்துள்ளோமா என்பதே கேள்வி.

நிற்க. திண்டுக்கற் சீமை 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் வசமாயிற்று. அதன்பின் பொதுத் தருமங்களின் நிலை யாதாயிற்று? சென்னை இராஜதானியில் 1817ஆம் ஆண்டின் 7ஆவது ரெகுலேஷன் பிறந்தது. கோயில்கள், மசூதிகள், பாலங்கள், சத்திரங்கள் ஆகியவற்றுக்கு விடப்பட்ட நிலங்களின் வருவாய், கொடுத்தவர் கருத்துக்கு மாறாக, மேற்பார்ப்போருடைய சொந்த உபயோகத்துக்குப் பல இடங்களிற் போகின்றது என்று நம்ப இடமுண்டென அச்சட்டத்தின் முகப்பிலேயே கூறப்பட்டது. ஆதலின் அவற்றின் மேற்பார்வை ரெவினியூ போர்டாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் கணக்கு எத்திசையிற் சென்றது என்பதைக் கவனியுங்கள். சத்திரத்தில் உண்டவனும் அதற்குக் கொடுத்தவனும் ஊரிலே இருக்க, கணக்கு கலெக்டரிடமும், அவர் வாயிலாகச் சென்னைக்கும் ஏறிற்று.

1871ஆம் ஆண்டில் ஸ்தல நிதிச் சட்டம் வந்தது. நிலத்தின் வாரமதிப்பில் ரூபாய்க்கு ஓரணா வரையிற் செஸ் விதிக்கலாயிற்று. சாலைக்கும் வைத்தியத்துக்கும் பள்ளிக்கும் பணம் வேண்டும் என்றனர். போர்டின் அங்கத்தினரை இராஜாங்கத்தாரே நியமித்தனர், தலைவர் கலெக்டரே. பள்ளிக்கூடத்துக்காக விதித்த வீட்டுவரி ஜனங்களிடையே பெரும் அதிருப்தியை விளைத்தமையால், சில ஆண்டுகளுக்குள் அது கைவிடப்பட்டது. கொடுப்பவன் வாய்திறக்க இடமில்லாத வரி நெடுநாள் நில்லாது என்னும் பாடம் அப்போதே கிடைத்தது.

ரிப்பன் பிரபு 1882ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் வெளியிட்ட தீர்மானம் ஸ்தல சுயாட்சிக்கு வித்திட்டது. அதையொட்டி 1884ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜில்லா போர்டு, தாலூகா போர்டு, யூனியன் என மூன்று படிகள் அமைந்தன. அப்போதும் ஜில்லா போர்டின் தலைவர் கலெக்டர்தாம். பின்னர் 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் தேர்தலை விரிவாக்கின. வாக்கோ பெரும்பாலும் வரி செலுத்துவோருக்கே இருந்தது. அக்காலத்து ஏற்பாடுகளில் போற்றத்தக்கது ஒன்று உண்டு. ஸ்தல நிதித் தணிக்கை அதிகாரி, சட்டத்துக்கு மாறான செலவை ஒத்துக்கொள்ளாமல் தள்ளி, அத்தொகையைச் செலவிட்டவரிடமிருந்தே வசூலிக்குமாறு விதிக்கலாம். சர்சார்ஜ் எனப்பட்ட இவ்வதிகாரத்துக்கு அஞ்சாத சேர்மன் இலர். இதன் வழிவந்த முறை இன்றும் உள்ளது. ஆயினும் தணிக்கை அறிக்கையை வாசிப்பவர் அதிகாரிகளே. வரி கொடுத்தவன் அதைக் கண்ணாலும் கண்டிலன்.

சுயராஜ்யத்துக்குப் பின் 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டமும், அரசியலமைப்பின் 73, 74ஆம் திருத்தங்களும், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்தன. தேர்தலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடத்தியே தீர வேண்டும் என்பது அரசியலமைப்பின் கட்டளை. நடந்தது என்ன? 2016 அக்டோபரில் நகரசபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19ஆம் நாள்தான் நடைபெற்றது. ஐந்தாண்டுக்கு மேலாகத் தமிழ்நாட்டு நகரங்கள் தனி அதிகாரிகளின் கீழ் இருந்தன. அந்நாட்களில் வரி தவறாமல் வசூலாயிற்று. கேட்பதற்குத்தான் வார்டு உறுப்பினர் இலர். புதிய சபையினர் பதவியேற்ற மறுமாதமே சொத்துவரி உயர்வு வந்தமையால், ஜனங்களின் மனக்கசப்பு இரட்டித்தது வியப்பன்று.

இருளிடையே ஒரு வெளிச்சமும் உண்டு. 1994ஆம் ஆண்டு டிசம்பரில் இராஜஸ்தானத்துக் கோட்கிரானா என்னும் கிராமத்தில், மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் என்னும் சங்கத்தார் ஜனங்களைக் கூட்டிப் பொது வேலைகளின் கூலிப் பட்டியல்களை உரக்க வாசித்தனர். வேலை செய்யாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது கேட்டவர்க்கு அங்கேயே விளங்கிற்று. ஆயிரம் தணிக்கையாளர் காணாததை அவ்வூர்க் கூலியாள் ஒரு நொடியிற் கண்டான். பட்டியலில் உள்ளவர் எவர், வேலைக்கு வந்தவர் எவர் என்பதை அவன் அறிவானன்றோ? அவ்வியக்கம் வளர்ந்து 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குத் துணையாயிற்று. தமிழ்நாடு 1997லேயே இவ்வகைச் சட்டமொன்றை இயற்றியது. ஆனால் அதில் விலக்குகளே மிகுதி. இப்போது பத்து ரூபாய்க் கட்டணத்தில் எழுதிக் கேட்டால், முப்பது நாட்களுக்குள் விடை தருவது அதிகாரியின் கடமை. கிராமங்களில் கிராம சபை உண்டு. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், கணக்கு மறுபடியும் ஊர் நோக்கித் திரும்ப வழி பிறந்துள்ளது.

வழி பிறந்தும் நடப்பார் சிலரே. காரணம் யாது? இவ்விடத்தில் நம் குற்றத்தை நாமே சொல்லிக்கொள்ளுதல் வேண்டும். தேர்தல் வந்தால், “நம்மவன் நிற்கிறான்” என்று திரள்கிறோம். வென்ற பின், “நம்மவனை எப்படிக் கேட்பது?” என்று வாளாவிருக்கிறோம். மாற்றான் பதவியிலிருந்தால் மட்டும் கணக்குக் கேட்கும் ஆர்வம் பொங்குகிறது. உத்தரமேரூரார் உறவினரை வரிசையாக எண்ணித் தடுத்தது இந்நோய்க்கே. சாதிச் சங்கத்தாராகிய நாம் இதை எல்லோரினும் முன்னர் உணரக் கடமைப்பட்டவர்கள். நம் இனத்தான் என்பதற்காகக் கேளாது விட்ட கணக்கு, நம் தெருவிலேயே பள்ளமாகவும் சேறாகவும் கிடக்கும். அதில் நம் பிள்ளைகளே விழுவர்.

வரி கொடாமல் நிறுத்துவோம் என்று சில இளைஞர் பேசுகின்றனர். அது பரிகாரமாகாது. நின்றுபோன வரியால் முதலில் நிற்பது குப்பை வண்டியும் குடிநீருமே. ஒட்டன்சத்திர நகராட்சியில் 18 வார்டுகள் உள்ளன. வார்டுக்கு இருவர் முன்வந்து, ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தையும், தம் தெருவில் நடந்த வேலையின் மதிப்பீட்டையும், செலவான தொகையையும் எழுதிப் பெற்று, பகுதி சபையிலே தமிழில் உரக்க வாசிப்பாராயின் போதும். அளவுகோலை எடுத்துச் சாலையை அளப்பது கடினமன்று. அளப்பார் உண்டு என்று தெரிந்தாலே வேலை செம்மைப்படும். வேலை சரியாக நடந்திருந்தால் அதையும் அவ்வாறே உரக்கச் சொல்லுதல் வேண்டும். நேர்மையான அதிகாரிக்குக் கணக்கைக் காட்டுவதைவிடச் சிறந்த காவல் வேறில்லை.

இறுதியாக ஒன்று. பிறரைக் கேட்குமுன் நம் வீட்டைத் துப்புரவு செய்தல் வேண்டும். சங்கத்தின் சந்தா, கலியாண மண்டப வருவாய், கல்வி நிதி ஆகியவற்றின் கணக்கை ஆண்டுதோறும் மகாசபையில் வரிவரியாக வாசியாத சங்கம், நகரசபையைக் கேள்வி கேட்கும் தகுதியை இழந்துவிடுகிறது. அடுத்த பொதுக் கூட்டத்தில் நம் காரியதரிசி எழுந்து நின்று முதலிற் கணக்கை வாசிக்கட்டும். ஐந்து விரலும் விரிய ஏந்திய கையைக் காட்டிவிட்டு, அதே கையால் நகராட்சிக்கு மனு எழுதுவோம்.