பொம்மைக்குப் பிறகு என்ன? தாதியர் பயிற்சி குறித்துக் கோப்பாயிலிருந்து ஒரு வாதம்

1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனைத் தாதியர் பள்ளிக்கு ஆளுயரப் பொம்மை ஒன்று வந்து சேர்ந்தது. செய்தவர் பொம்மைத் தொழில் நடத்திய மார்த்தா சேஸ். பொம்மைக்கும் ‘மிஸிஸ் சேஸ்’ என்றே பெயர் நிலைத்தது. 1960இல் உயிர்ப்பிப்புப் பயிற்சிக்கான ‘ரெஸஸி ஆன்’ பொம்மையை உருவாக்கிய நோர்வேக்காரர் ஆஸ்மண்ட் லேர்டாலும் விளையாட்டுப் பொருள் செய்தவர்தான். ஒப்புருவாக்கப் பயிற்சி, அதாவது சிமியுலேஷன், பொம்மைக் கடையில் பிறந்தது. அதைப் பற்றிய பேச்சு இன்னமும் கடைவாசலிலேயே நிற்கிறது: என்ன விலை, கண் சிமிட்டுமா, நாடி துடிக்குமா?

பொம்மை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெஞ்சை 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தும் கைப்பழக்கத்தை உயிருள்ளவரில் பழக முடியாது. ஆனால் கை பழகுவதோடு பயிற்சி முடிந்துவிடுவதில்லை.

அமெரிக்கத் தாதியர் சபைகளின் தேசிய மன்றம் 2014இல் வெளியிட்ட ஆய்வை எல்லோரும் காட்டுகிறார்கள். மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதிவரை ஒப்புருவாக்கத்துக்கு மாற்றியும் தேர்ச்சி குறையவில்லை என்பது அதன் முடிவு. நிர்வாகங்களுக்கு இனிக்கும் முடிவுதான். அங்கே பயிற்றுநர்களுக்கே முதலில் பயிற்சி கொடுத்தார்கள் என்பதும், ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் முறையான மீள்நோக்கு உரையாடல் நடந்தது என்பதும் மேற்கோள்களில் உதிர்ந்துவிடுகின்றன. இவை இல்லாமல் ‘பாதி நேரம்’ என்பதை மட்டும் இறக்குமதி செய்தால் மிஞ்சுவது நேரக்கணக்கு.

அந்த உரையாடல் நமக்குப் புதிதா? இல்லை. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் ஆசிரிய கலாசாலை 1923இலேயே தொடங்கியது. ஆசிரியப் பயிற்சியில் நுண்கற்பித்தல் என்றொரு முறை உண்டு. சக மாணவர் வகுப்பாக அமர, பயிலுநர் சில நிமிடம் பாடம் நடத்துவார். பிறகு எல்லோருமாக அதைப் பிரித்துப் பேசுவார்கள். அவர் மறுபடி நடத்துவார். தாதியர் கல்வி தேடும் நுட்பம் இதுவேதான். கோவிட் காலத்தில் கோப்பாயிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரி சிகிச்சை நிலையமாயிற்று. கட்டடத்தை இரவல் வாங்கிய சுகாதாரத் துறை கற்பித்தல் முறையையும் வாங்கியிருக்கலாம்.

இன்னொரு குறை மொழி. பொம்மைக்கு ‘நெஞ்சுக்குள்ள அடைக்குது’ என்று சொல்லத் தெரியாது; தெரிந்தாலும், அது வலியா மூச்சிரைப்பா பயமா என்று கேட்டறிவது வேறு திறன். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1963இல் அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் நோயாளியாக நடிக்க ஆளைப் பழக்கினார். இரண்டையும் சேர்த்தால் தமிழ் பேசும் நடிப்பு நோயாளி கிடைப்பார். நாடக மரபுள்ள யாழ்ப்பாணத்தில் அதற்கு ஆள் பஞ்சமில்லை. செலவும் ஓர் இயந்திரப் பொம்மையின் பராமரிப்பைவிடக் குறைவாக இருக்கலாம்.

பயிற்சி முடிந்ததும் அந்த நோயாளியும் மீள்நோக்கு உரையாடல் வட்டத்தில் உட்கார வேண்டும். ‘பிறஷர் பாத்தது சரி, பிள்ளை. ஆனா என்ர முகத்தை ஒருக்காலும் பாக்கேல்லை’ என்று அவர்தான் சொல்ல முடியும்.