அறிதல் சுமை

அறிதல் சுமை என்பது, புதிய ஒன்றைக் கற்கும்போது மனத்தின் செயல்நினைவு ஒரே நேரத்தில் ஏந்த வேண்டியிருக்கும் பளு. அந்த நினைவின் கொள்ளளவு சிறியது. 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் அதை ஏழு உருப்படிகள், இரண்டு கூடலாம் குறையலாம் என்றார்; 2001-இல் நெல்சன் கோவன் ஏறத்தாழ நான்கு என்று குறைத்தார். நெடுநாள் நினைவில் படிந்ததற்கு இந்த நெருக்கடி இல்லை. வாய்ப்பாடு மனப்பாடமான பிள்ளைக்கு ‘ஏழெட்டு ஐம்பத்தாறு’ ஒரே உருப்படி. மற்றப் பிள்ளைக்கு அதுவே தனிக் கணக்கு.

இக்கோட்பாட்டை வகுத்தவர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஸ்வெல்லர். வித்து ஒரு புதிரில் இருந்தது. கொடுத்த எண்ணை வேறோர் எண்ணாக மாற்ற வேண்டும். 3-ஆல் பெருக்கலாம், 29-ஐக் கழிக்கலாம், வேறெதுவும் கூடாது. 15-ஐ 16 ஆக்க ஒருமுறை பெருக்கி ஒருமுறை கழித்தால் போதும். அவர் மாணவர்களுக்குக் கொடுத்த எல்லாப் புதிர்களுக்கும் வழி இதுதான்: பெருக்கு, கழி, மறுபடி பெருக்கு, கழி. மாணவர்கள் விடைகளைக் கண்டுபிடித்தார்கள். இந்த ஒழுங்கைக் கண்டவர்களோ மிகச் சிலர். இலக்கை எட்டும் முயற்சியே கவனத்தைத் தின்றுவிட்டது. விடை காண்பது வேறு, கற்பது வேறு என்ற இந்த எண்ணம் 1988-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் கோட்பாடாக உருப்பெற்றது.

அதற்கு முன்பே, 1985-இல், அவரும் கிரஹாம் கூப்பரும் இயற்கணிதத்தில் ஒன்றைக் காட்டியிருந்தனர். தாமே கணக்குப் போட்டுப் பழகியவர்களைவிட, செய்துகாட்டிய கணக்குகளைப் படித்தவர்கள் அதே வகைக் கணக்குகளை விரைவாகவும் பிழை குறைவாகவும் செய்தனர். எடுத்துக்காட்டைப் புரட்டிவிட்டுப் பயிற்சிக்குத் தாவும் நம் பள்ளி வழக்கம் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

வடிவியலில் அதே முறை முதலில் பலிக்கவில்லை. காரணம் கணக்கில் இல்லை, பக்க அமைப்பில் இருந்தது. மேலே படம், கீழே விளக்கம். கண் இரண்டுக்கும் இடையே ஓடி ஓடி, பாதியை மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டு மீதியைத் தேட வேண்டும். விளக்கத்தைப் படத்துக்குள்ளேயே, உரிய கோணத்தின் அருகிலேயே எழுதியதும் பயன் தெரிந்தது. பாடப்பொருளில் ஓர் எழுத்தும் குறையவில்லை என்பதே இதில் முக்கியம். கண் இப்படிப் படத்துக்கும் விளக்கத்துக்கும் இடையே அலைவதற்குக் ‘கவனப் பிளவு’ என்று பெயர். படமே தெளிவாகச் சொல்வதை உரையிலும் திருப்பிச் சொல்வது, திரையில் உள்ள வரிகளை ஆசிரியர் அப்படியே வாசிப்பது ஆகியவையும் வீண் சுமைகளே.

தேறியவருக்குச் செய்துகாட்டிய கணக்கு போன்ற உதவிகளே இடைஞ்சலாகும். தெரிந்த படிகளை மீண்டும் படிப்பதும் சுமைதான். ஆகவே கற்பவர் தேறத் தேற, செய்துகாட்டும் படிகளை ஒவ்வொன்றாக விலக்கி, அவரையே முடிக்கச் செய்வார்கள்.

கோட்பாட்டின் பலவீனம் அளவீட்டில் இருக்கிறது. எவ்வளவு முயற்சி தேவைப்பட்டது என்று கற்பவரையே கேட்டு ஒன்பது புள்ளி அளவுகோலில் குறிக்கச் செய்யும் முறையை 1992-இல் ஆய்வாளர் ஃபிரெட் பாஸ் பயன்படுத்தினார். பல ஆய்வுகள் இன்றும் அதையே நம்பியிருக்கின்றன.