மெர்ல் ஓபரானின் தாய்வழி

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்பார்கள் நம் பெரியவர்கள். நடிகைமூலத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. 1930களின் ஹாலிவுட் அதைத்தான் முதலில் பார்த்தது. கேட்பவர்களுக்குச் சொல்வதற்கென்றே நடிகை மெர்ல் ஓபரானுக்கு ஒரு பூர்வீகம் தயாராக இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியாத் தீவில் ஹோபார்ட் நகரில் பிறந்தவர். தந்தை காலமான பின் இந்தியாவில் வளர்ந்தவர். பிறப்புப் பதிவோ தீவிபத்தில் அழிந்துவிட்டது. யாரும் போய் விசாரித்துவிட முடியாத தொலைவில் இருந்ததுதான் அந்தத் தீவுக்கு இருந்த ஒரே தகுதி.

உண்மையில் அவர் பம்பாய்க்காரர். 1911 பிப்ரவரி 19 அன்று பிறந்தார். வீட்டில் ‘குவீனி’. தந்தை ஆர்தர் தாம்சன், இங்கிலாந்தின் டார்லிங்டனைச் சேர்ந்தவர், ரயில்வேப் பொறியாளர். முதல் உலகப் போருக்குப் போன அவர் 1914இல் இறந்தார். வளர்த்தவர் சார்லட் செல்பி, இலங்கையிலிருந்து வந்த கலப்பினப் பெண். அவருடைய வழியில் மாவோரிக் கலப்பும் உண்டு என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

சார்லட்டைத்தான் குழந்தை அம்மா என்று கூப்பிட்டது. பெற்றவர் வேறு: சார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஆங்கிலோ-ஐரிஷ்காரர் ஒருவருக்குச் சார்லட் மிக இளம் வயதில் பெற்ற பெண் அவர். மெர்ல் பிறந்தபோது கான்ஸ்டன்ஸே ஒரு சிறுமி. பாட்டி தாயானாள், தாய் அக்காவானாள். ஸ்டுடியோ விளம்பரத் துறை கைவைப்பதற்கு வெகுகாலம் முன்பே, இந்த வம்சாவளியில் ஒரு தலைமுறை மறைக்கப்பட்டிருந்தது. முதல் மறைப்பு மானத்துக்காக, இரண்டாவது பிழைப்புக்காக.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ‘சட்டைக்காரர்’ என்று வழங்கப்பட்ட சமூகத்துக்கு ‘ஆங்கிலோ-இந்தியர்’ என்ற பெயர் அரசு வழக்கில் உறுதியானது மெர்ல் பிறந்த அதே 1911இல். யார் ஆங்கிலோ-இந்தியர் என்பதை 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் வரையறுத்தது: தந்தையோ, தந்தைவழி ஆண் முன்னோரில் ஒருவரோ ஐரோப்பிய வம்சத்தவராக இருக்க வேண்டும். நம் அரசமைப்புச் சட்டத்தின் 366ஆம் உறுப்பும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. தாய் எந்த ஊர், என்ன நிறம் என்ற கேள்வியே அதில் எழவில்லை. அந்தக் கணக்கில் மெர்ல், டார்லிங்டன் பொறியாளரின் மகள், அவ்வளவுதான்.

அன்றைய அமெரிக்காவில் கணக்கு தலைகீழ். அங்கே ஆசிய ரத்தம் ஒரு பங்கு இருந்தாலே போதும், ஆள் அந்தப் பக்கம்தான். இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியான வெள்ளையர் அல்லர் என்று பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்திருந்தது. 1934 முதல் கறாராக அமலான திரைப்பட ஒழுக்க விதிகள் வெள்ளையர்-கறுப்பர் காதலைத் திரையில் தடைசெய்தன; ஆசியரிடமும் ஸ்டுடியோக்கள் அதே எச்சரிக்கையைக் காட்டின. சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங் எவ்வளவு புகழ்பெற்றிருந்தும், 1937இல் வந்த ‘தி குட் எர்த்’ படத்தின் சீனக் கதாநாயகி வேடம் ஒரு வெள்ளை நடிகைக்கே போயிற்று. இதையெல்லாம் அறிந்தவர்கள், மெர்ல் பொய் சொன்னார் என்று எளிதில் கூண்டில் ஏற்ற மாட்டார்கள்.

கல்கத்தாவில் வளர்ந்து, டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்து, அமெச்சூர் நாடகங்களில் நடித்து, 1920களின் இறுதியில் சார்லட்டுடன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். லண்டனில் திரைப்பட இயக்குநர் அலெக்சாண்டர் கோர்டாவின் கண்ணில் பட்டார். 1933இல் ‘எட்டாம் ஹென்றியின் அந்தரங்க வாழ்க்கை’யில் ஆன் போலினாகத் தோன்றினார். 1935இல் ‘தி டார்க் ஏஞ்சல்’ படத்தில் அசல் ஆங்கிலேயப் பெண்ணாக நடித்துச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். அப்போதும் சார்லட் கூடவே இருந்தார். விருந்தினர் வந்தால் அவர் வேலைக்காரி. 1937இல் இறந்தார்.

பின்னாளில், 1949இல், சார்லட்டின் பழைய புகைப்படம் ஒன்றை ஓவியரிடம் கொடுத்து வண்ணப்படம் வரையச் சொன்னார் மெர்ல். முகம் அதே முகமாக இருக்க வேண்டும், தோல் மட்டும் வெளுப்பாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. குடியிருந்த வீடுகளிலெல்லாம் அந்தப் படத்தை மாட்டிவைத்திருந்தார். உயிரோடு இருந்தவரை அம்மா என்று சொல்ல முடியாதவரை, சுவரில் வைத்து ‘என் அம்மா’ என்று காட்ட முடிந்தது. இதை வெறும் நிறவெறி என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இதில் பாசம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

1978இல் ஹோபார்ட் நகரம் தன் ‘மகளை’ அழைத்து வரவேற்பு வைத்தது. உடல்நிலை சரியில்லை என்று அவர் பாதியில் கிளம்பிவிட்டார். மறு ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவில் காலமானார். டாஸ்மேனியர்கள் அதற்குள் அவரை வேறொரு குடும்பத்தோடு பொருத்திவிட்டிருந்தார்கள். தங்கள் ஊர்ச் சீன வம்சாவளிப் பெண் ஒருவருக்குப் பிறந்தவர் அவர் என்ற கதை அங்கே இன்னமும் உயிரோடு இருப்பதை 2002இல் வந்த ‘தி டிரபிள் வித் மெர்ல்’ ஆவணப்படம் காட்டியது. விளம்பரத்துக்காகச் சொன்ன ஒரு பொய் ஒரு தீவின் வாய்மொழி வரலாறாகிவிட்டது! கடைசியில் பம்பாய்ப் பதிவேட்டிலிருந்து பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தவர் கான்ஸ்டன்ஸின் பிற்காலப் பிள்ளைகளில் ஒருவர். மெர்ல் தனக்கு அக்கா என்பதே அந்தத் தாளைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

2023இல் மிஷெல் யோ சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வென்றபோது, அந்தப் பிரிவில் முதலில் பரிந்துரை பெற்ற ஆசிய வம்சாவளி நடிகை யார் என்று பத்திரிகைகள் தேடின. மெர்ல் ஓபரானின் பெயர் வந்தது. இந்தியச் சட்டம் எண்ணிய தந்தை அந்தப் பெருமையை அவருக்குத் தரவில்லை. அது சார்லட் வழியாகவும், அக்கா என்று அழைக்கப்பட்ட கான்ஸ்டன்ஸ் வழியாகவும் வந்தது.