கைநாட்டு வைத்தவர்கள்: சித்தூர்ச் சீமையிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டம் வரை

மலர்க் குழு அன்பர்கள் இந்த ஆண்டும் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். "திருப்பதி கல்வெட்டு பத்தி எழுதுங்க நயினார், இல்லேன்னா சந்திரகிரிக் கோட்டை" என்றார்கள். கல்வெட்டைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரை, தொழில் வெல்லமண்டி. எங்கள் அப்பா வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சித்தூருக்கு வந்து கமிஷன் கடை வைத்தார். எனக்கு நன்றாகப் படிக்கத் தெரிந்தது கணக்குப் புத்தகம் ஒன்றுதான். ஆகவே மனிதர்களைச் சரக்காக வைத்து எழுதப்பட்ட ஒரு கணக்கைப் பற்றி எழுதுகிறேன்.

2011-இல் டர்பன் நகரத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் சித்தூருக்கு வந்தார். தமிழ் வம்சம், ஆனால் தமிழ் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் அவரை என் கடைக்கு அழைத்து வந்தார். கையில் ஒரு தாளின் நகல். கொள்ளுப்பாட்டி கப்பலேறிய பதிவு அது. வரிசை எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பிலுள்ள அடையாளம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஜில்லா 'நார்த் ஆர்க்காட்'. தாலுகா 'சித்தூர்'. ஊர்ப் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி 'கலூர்' என்று எழுதியிருந்தார். கல்லூரா, காலூரா, களூரா? அடையாளம் என்ற கட்டத்தில் 'இடது முழங்காலில் தழும்பு'.

அந்த அம்மாள் முதலில் வேலூரிலும் திருவண்ணாமலையிலும் ஒரு வாரம் அலைந்துவிட்டுத்தான் இங்கே வந்திருந்தார். வட ஆர்க்காடு என்றால் தமிழ்நாடு என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம்மில் பலருக்கே மறந்துபோன விஷயம் இது: 1911 வரை வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகரம் நம் சித்தூர்தான். அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி சித்தூர், பலமனேர், சந்திரகிரி முதலிய பகுதிகளைப் பிரித்து, கடப்பையிலிருந்து மதனப்பள்ளியையும் வாயல்பாட்டையும் சேர்த்து, சித்தூர் ஜில்லாவை உண்டாக்கினார்கள். 2022-இல் அதிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆக, கப்பல் பதிவில் வட ஆர்க்காடு என்று இருந்தால் இன்று இரண்டு மாநிலங்களில் தேட வேண்டும்.

இனி கதைக்கு வருவோம். பிரிட்டிஷ் காலனிகளில் 1834-இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்பு ஒழியவில்லை. ஆலைகளுக்கு ஆள் வேண்டும். முதலில் மொரீசியஸ், பிறகு கயானா, டிரினிடாட் என்று இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றினார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் 'ட்ரூரோ'. சென்னையிலிருந்து 1860 அக்டோபரில் புறப்பட்டு நவம்பர் 16-ஆம் தேதி டர்பனைச் சேர்ந்தது. அதில் 342 பேர். அன்று தொடங்கி 1911 முடிய நேட்டாலில் இறங்கியவர்களின் வரிசை எண் 1,52,184 வரை போயிற்று. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அனுப்பிய ஜில்லாக்களில் வட ஆர்க்காடு முன்வரிசையில் இருந்தது. நேட்டாலுக்கு மட்டுமல்ல, 1903 முதல் சென்னையிலிருந்து பிஜிக்கு ஆள் ஏற்றியபோதும் அப்படியே. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் இந்தச் சீமை எப்படி வாடியது என்பது தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

போனவர்களில் தெரிந்தே போனவர்கள் உண்டு. சாதிக் கொடுமைக்குத் தப்பியவர்கள், கடனுக்குத் தப்பியவர்கள், ஏன், மாமியாருக்குத் தப்பியவர்களும் உண்டு. எல்லோரும் கடத்தப்பட்டவர்கள் என்று எழுதினால் அது சரித்திரம் ஆகாது. ஆனால் ஆள் பிடித்த முறையைப் பார்க்க வேண்டும். ஆள் பிடிப்பவனை வடக்கே 'அர்க்காட்டி' என்றார்கள். நம்மூர் ஆர்க்காட்டோடு இதைச் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு; 'ரெக்ரூட்டர்' என்ற ஆங்கிலச் சொல் தேய்ந்து அப்படி ஆனது என்பதே பொதுவான கருத்து. நம் பக்கத்தில் 'ஆள்கட்டி' என்ற சொல் உண்டு. சொல்லே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது!

ஆள்கட்டிக்குச் சம்பளம் கிடையாது. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். கமிஷன் வியாபாரி என்ற முறையில் எனக்கு இது உடனே விளங்கிற்று. எடை கூடினால் கமிஷன் கூடும் என்றால் மூட்டையில் கல் சேரும். 100 ஆணுக்கு 40 பெண் இருக்க வேண்டும் என்பது விதி. பெண்கள் கிடைப்பது அரிது. ஆகையால் பெண்ணுக்குக் கமிஷன் அதிகம். விளைவு என்ன? கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவள், விதவை, திருவிழாக் கூட்டத்தில் வழி தவறியவள் ஆகியோரைத் தேடி ஆள்கட்டிகள் அலைந்தார்கள். காசி, மதுரா, அயோத்தி முதலிய வடநாட்டுத் தலங்களில் இப்படி நடந்தது நூல்களில் பதிவாகியிருக்கிறது. பிஜியின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதியார் பாடியதை நாம் அறிவோம்.

எங்கள் சமண நூல்களில் இல்லறத்தார் செய்யத் தகாத வாணிகங்கள் பதினைந்து என்று ஒரு பட்டியல் வருகிறது. அதில் ஒன்றன் பெயர் 'கேச வாணிஜ்யம்'. சிறு வயதில் மயிர் விற்பது என்று நினைத்திருந்தேன். திருப்பதி முடி ஏலம் கேட்கிறவர்கள் எல்லாம் பாவிகளா என்று அப்பாவைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அது கேசமுள்ள உயிர்களை, அதாவது மனிதரையும் விலங்கையும், விற்றுப் பிழைப்பது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

சரி, அரசாங்கம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததா என்றால், இல்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது. விதிகளுக்குக் குறைவே இல்லை. ஆள்கட்டிக்கு லைசென்ஸ். பதிவு அதிகாரி முன்னால் நிறுத்தி "உன் சம்மதத்தோடு போகிறாயா?" என்ற கேள்வி. சென்னை டிப்போவில் டாக்டர் பரிசோதனை. ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். அன்றைய மதிப்பில் 10 ஷில்லிங் என்பது 5 ரூபாய். கீழே கைநாட்டு. கைநாட்டு விழுந்த பிறகு அவன் சம்மதித்தவன். நேட்டால் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமா என்பதற்குப் பதிவில் கட்டம் இல்லை.

அங்கே போன பிறகு, அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் குற்றம். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். எஜமானை விட்டு ஓடினால் அது கடன் வழக்கு அல்ல, கிரிமினல் வழக்கு, ஜெயில். பாலசுந்தரம் என்ற தமிழர் எஜமானிடம் அடிபட்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி 1894-இல் டர்பனில் காந்தியடிகள் முன் வந்து நின்றதை 'சத்திய சோதனை'யில் படித்திருப்பீர்கள். அடித்தவனுக்குத் தண்டனை வாங்கித் தருவதைவிட, பாலசுந்தரத்தை வேறு எஜமானிடம் மாற்றிவிடத்தான் காந்தியால் முடிந்தது. விடுதலை அல்ல, மாற்றம். ஒப்பந்தம் அவ்வளவு இறுக்கம்.

ஐந்து வருஷம் முடித்தவர்களையும் விடவில்லை. மறுபடி ஒப்பந்தம் போடு, அல்லது ஊருக்குத் திரும்பு, அல்லது வருஷம் 3 பவுன் வரி கட்டு என்று 1895-இல் சட்டம் வந்தது. 3 பவுன் என்றால் 60 ஷில்லிங்; முதல் வருஷக் கூலிப்படி ஆறு மாதச் சம்பளம். வயது வந்த பிள்ளைகளுக்கும் பின்னர் அந்த வரி நீண்டது. கட்ட முடியாதவன் திரும்பவும் கைநாட்டு வைத்தான்.

ஒழித்தது எப்படி என்று பார்த்தால் ஒரு பாடம் தெரிகிறது. 1871-இல் ஒப்பந்தம் முடித்துத் திரும்பிய முதல் கூட்டத்தார் சென்னையில் இறங்கியதும் கூலி பாக்கியையும் அடி உதையையும் சொல்லி முறையிட்டார்கள். எழுத்தறியாத அந்த ஜனங்களின் வாய்மொழியை நம்பி, இந்திய அரசாங்கம் நேட்டாலுக்கு ஆள் அனுப்ப மறுத்தது. நேட்டாலில் ஒரு கமிஷன் உட்கார்ந்தது. குடியேறிகளுக்குப் 'பாதுகாவலர்' என்று ஒரு அதிகாரியை நியமித்தார்கள். 1874-இல் கப்பல் மறுபடி ஓடிற்று. குறைக்கு ஓர் அதிகாரி, குறைக்கு ஒரு ரிஜிஸ்டர். இப்படியே இன்னும் முப்பத்தேழு வருஷம்.

ரிஜிஸ்டர் போதாது, கப்பலையே நிறுத்த வேண்டும் என்ற குரல் பிறகுதான் வலுத்தது. காந்தியின் தோழர் போலக் 1909-இல் இந்தியா வந்து ஊர் ஊராகப் பேசினார். அவருடைய நூலைச் சென்னையில் ஜி.ஏ. நடேசன் அச்சிட்டார். தென்னாப்பிரிக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்டுச் சென்னையில் இறங்கிய தமிழர்களைத் தாங்கியவரும் நடேசனே. அவருக்கு நாம் வைத்த சிலை எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். 1910 பிப்ரவரியில் கோகலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறி, 1911 ஜூலை 1 முதல் நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றது. சித்தூர் ஜில்லா பிறந்து சரியாக மூன்று மாதம்! 3 பவுன் வரி ஒழிய 1913 வேலைநிறுத்தமும், சிறை சென்று திரும்பிய சின்னப் பெண் தில்லையாடி வள்ளியம்மையின் மரணமும் வேண்டியிருந்தன, 1914-இல் ஒழிந்தது. மற்ற நாடுகளுக்கு ஆள் சேர்ப்பது 1917-இல் தடைப்பட்டது. பிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்களை 1920 ஜனவரி 1-ஆம் தேதி ரத்து செய்தார்கள்.

இதையெல்லாம் நான் ஊர்ப் பெருமைக்காகத் தேடிப் படிக்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1984-இல் எனக்கு வயது இருபத்து நாலு. அப்பாவுக்குக் கண் மங்கியதால் கணக்கு என் கைக்கு வந்தது. கரும்பு வெட்டவும் ஆலையில் கொப்பரை இறக்கவும் ஒரு மேஸ்திரி ஜவ்வாது மலையிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் கொண்டுவருவார். முன்பணம் நாங்கள் கொடுப்போம். அவர்களில் ஒருவன் வாங்கியது 300 ரூபாய். அரிசி, மருந்து, பஸ் சார்ஜ் என்று பற்று ஏறி, இரண்டு பருவம் வேலை செய்த பிறகு அவன் பேரில் 410 நின்றது. கூட்டல் பிழை இல்லை. நானே போட்ட கணக்கு. அம்மா செத்துப்போச்சு, போகணும் என்று வந்து நின்றான். "கணக்கைத் தீர்த்துட்டுப் போப்பா" என்றேன். கைநாட்டைக் காட்டினேன். மூன்றாம் நாள் அப்பா கேள்விப்பட்டு என்னைத் திட்டி அவனை அனுப்பினார். அதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது என்பதும், அப்படி முன்பணம் கொடுப்பதே குற்றம் என்பதும் எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா என்று கேட்டால், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. டர்பன் அம்மாளின் தாளைப் பார்த்தபோது அந்த 410 தான் ஞாபகம் வந்தது.

ஏமாற்றியோ வற்புறுத்தியோ சுரண்டலுக்கு ஆள் கொண்டுபோனால் 'அவன் சம்மதித்தான்' என்ற சமாதானம் செல்லாது என்று 2000-இல் ஐ.நா. உடன்படிக்கை சொன்னது. நம் தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவை 2013-இல் திருத்தி, பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டல்ல என்று எழுதினார்கள். இப்போது அது பாரதிய நியாய சம்ஹிதையில் 143-ஆம் பிரிவு. 'ட்ரூரோ' புறப்பட்டு 153 வருஷம் கழித்து!

சட்டம் திருத்தி இரண்டு வருஷத்தில், 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி, திருப்பதிக்கு அருகே சேஷாசலக் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அத்தனை பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். பலர் ஜவ்வாது மலைப் பக்கத்தார். செம்மரம் வெட்ட வந்து தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள். மரம் வெட்டுவது குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் மலையிலிருந்து ஆளைக் கிளப்பிக் கொண்டுவர ஒரு தரகர், கையில் முன்பணம், என்ன வேலை என்று பாதி சொல்லிப் பாதி மறைப்பது ஆகிய எல்லாம் நான் படித்த பழைய கணக்குதான். செத்தவர்களின் பெயர் வெளியே வந்தது. தரகருக்கு மேலே பணம் போட்டவர்களில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்?

டர்பன் அம்மாளோடு இரண்டு ஊர்களுக்குப் போனேன். இரண்டாவது ஊரில் ஒரு பாட்டி தெலுங்கு கலந்த தமிழில், "எங்க வீட்லயும் ஒருத்தி திருநாளுக்குப் போனவ திரும்பலன்னு சொல்வாங்க, பேரு தெரியாது" என்றாள். அது இவர்தானா என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. அந்த அம்மாள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார்.

சித்தூர், பலமனேர், புங்கனூர், சந்திரகிரிப் பக்கத்து நம் அன்பர்கள் வீட்டில் 'கடல் தாண்டிப் போனவர்', 'கரும்புக்குப் போனவர்' என்று பெரியவர்கள் யாரையாவது சொல்லக் கேட்டிருந்தால், பெயரும் ஊரும் மட்டும் ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். எனக்கு வந்து சேரும். ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதுங்கள்.