டிஜிட்டல் கேமரா (தொடக்க காலம்)

பிலிம் ரோலுக்குப் பதிலாக ஒளியுணர் சில்லில் படத்தைப் பதிந்து, எண்களாக மாற்றிச் சேமிப்பது டிஜிட்டல் கேமரா. வீட்டு உபயோகத்துக்கென்று விற்கப்பட்ட இதன் முதல் தலைமுறை, ஏறத்தாழ 1994 முதல் 2004 வரை கடைகளை ஆண்டது. இவற்றின் நிறைகுறைகளை எடைபோட விளம்பரத் தாளின் மெகாபிக்சல் கணக்கு போதாது. பிறந்தநாள் கேக்கை எந்தக் கேமராவும் எடுத்துவிடும். கருங்கல் மண்டபத்து இருட்டில் அதன் சாயம் நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவிலைவிடக் கடினமான இடம் அமைவது அரிது.

அறந்தாங்கியிலிருந்து சுமார் 14 கிலோமீட்டரில் உள்ள இவ்வூரின் பழம்பெயர் திருப்பெருந்துறை. மாணிக்கவாசகரோடு பிணைந்த ஆத்மநாத சுவாமி கோயில் திருவாவடுதுறை ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ளது. கருவறையில் லிங்கத்தின் பாணம் கிடையாது, பீடமான ஆவுடையார் மட்டுமே, அம்மன் யோகாம்பாளுக்கும் உருவமில்லை. ஆகவே கேமராவோடு வருபவர்கள் நாடுவது மண்டபங்களைத்தான். மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து ஆணி அறைந்தது போலக் கல்லில் செதுக்கிய கொடுங்கைகள், தூண்களில் வீரபத்திரர், குறவன், குறத்தி, குதிரை வீரர்கள். எதை வேண்டுமானாலும் செய்து தருகிறோம், ஆவுடையார்கோவில் கொடுங்கையை மட்டும் கேட்காதீர்கள் என்று அக்காலச் சிற்பிகள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இம்மாவட்டத்துக்கும் கேமராவுக்கும் உள்ள உறவு பழையது. சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் மெழுகூட்டிய காகித நெகட்டிவ்களைக் கொண்டு எடுத்த படங்களில் புதுக்கோட்டைக்கென்றே ஒரு தொகுதி வெளியிட்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஒரே நீள்படமாக்கியது இத்துறையின் பெருஞ்சாதனை. பக்கத்துப் பக்கத்துப் படங்களைக் கணினியில் தைத்துக் கொடுக்கும் வசதி கேனான் பவர்ஷாட்டுகளில் வந்தபோது புதுமை என்று கொண்டாடப்பட்டது. 140 ஆண்டு பழைய புதுமை அது.

பிலிம் இல்லாத கேமராவின் வரலாறு 1975இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த மாதிரியில் தொடங்குகிறது. எடை சுமார் 3.6 கிலோ, புள்ளிகள் 10,000. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 நொடி. வீட்டு உபயோகத்துக்கென்று கடைக்கு வர மேலும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடித்தன. 1994இல் ஆப்பிள் விற்ற குயிக்டேக் 100, 640×480 புள்ளிகளில் 8 படங்களை மட்டுமே கொள்ளும். எடுத்ததைப் பார்க்கத் திரை கிடையாது. பிடிக்காத ஒன்றை மட்டும் அழிக்கவும் வழியில்லை. 749 டாலர் விலையில் இது பணக்காரர் வீட்டுப் பொம்மையாகவே நின்றது. மறு ஆண்டு ஜப்பானில் 65,000 யென்னுக்கு வந்த கேசியோ கியூவி-10தான் உண்மையான தொடக்கம். அதன் படம் 320×240 புள்ளிகளே. ஆனால் முதுகில் 1.8 அங்குலத் திரை, உள்ளே 96 படங்களுக்கு இடம், திருப்பக்கூடிய லென்ஸ். எடுத்த கையோடு படத்தைப் பார்க்கும் பழக்கத்தை மக்களுக்கு ஊட்டியது இதுவே.

இக்கேமராக்களைப் புள்ளிக் கணக்கால் வகுப்பது வழக்கம். சேமிப்பு ஊடகத்தால் வகுப்பதே பொருத்தம். எத்தனை படம், எந்தக் கணினியில், யாருடைய உதவியோடு என்பதையெல்லாம் தீர்மானித்தது அதுதான்.

முதல் வகை உள்நினைவகக் கேமராக்கள். குயிக்டேக் 100, கியூவி-10 இரண்டும் இதில் அடங்கும். நிறைந்துவிட்டால் சீரியல் கேபிளால் கணினியில் மாட்டி இறக்க வேண்டும். கணினி கையோடு இல்லாமல் வீட்டில் இருந்தால் அன்றைய படமெடுப்பு அதோடு முடிந்தது. இரண்டாம் வகை பிளாப்பிக் கேமரா. 1997இல் சோனி கொண்டுவந்த மாவிக்கா எஃப்டி5, எஃப்டி7 இரண்டும் 1.44 மெகாபைட் பிளாப்பியிலேயே ஜேபெக் படங்களைப் பதிந்தன. தரத்தைப் பொறுத்து ஒரு தட்டில் சுமார் 15 முதல் 40 படங்கள். செங்கல் போன்ற உருவம், ஒரு படத்தைப் பதிய சில நொடி முனகல். ஆனாலும் கேபிளும் மென்பொருளும் வேண்டாத வசதியை வேறெந்தக் கேமராவும் அன்று தரவில்லை. பிரவுசிங் சென்டர் கணினி ஒவ்வொன்றிலும் பிளாப்பி டிரைவ் இருந்த காலம் அது. எஃப்டி7இன் 10 மடங்கு ஜூம் உயரத்துக் கொடுங்கையைக் கிட்டே இழுக்க வல்லது. இழுத்ததைப் பதியத்தான் 640×480க்கு மேல் இடமில்லை. 2000இல் இதே குடும்பத்தின் சிடி1000, 8 சென்டிமீட்டர் குறுந்தட்டில் 156 மெகாபைட் வரை எழுதியது.

மூன்றாம் வகையே நிலைத்தது: மெமரி கார்டு. 1994இல் சான்டிஸ்க்கின் காம்பாக்ட் பிளாஷ், 1995இல் தோஷிபாவின் ஸ்மார்ட்மீடியா, 1998இல் சோனியின் மெமரி ஸ்டிக், 1999இல் எஸ்டி, 2002இல் ஒலிம்பஸும் ஃபியூஜியும் சேர்ந்து இறக்கிய எக்ஸ்டி. ஆளுக்கொரு கார்டு, ஒன்றின் கார்டு மற்றொன்றில் ஏறாது. 0.76 மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஸ்மார்ட்மீடியா 128 மெகாபைட்டோடு நின்றது. பழைய கேமராக்கள் பல, பின்னால் வந்த பெரிய கார்டுகளை அடையாளமே காணவில்லை. காம்பாக்ட் பிளாஷ் உறுதியானது, அவசரத்தில் கோணலாகச் சொருகினால் கேமராவுக்குள் இருக்கும் ஊசிமுனைகள்தான் வளைந்துவிடும். கார்டுச் சண்டையில் வென்றது எஸ்டி. அந்த வெற்றிக்குத் தரத்தைவிடக் கூட்டணி பலமே காரணம்.

இனி மண்டபத்துக்குள். 1999இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் 950 அக்காலத்தின் சிறந்த வீட்டுக் கேமராக்களில் ஒன்று: 1600×1200 புள்ளிகள், 3 மடங்கு ஜூம், 2 சென்டிமீட்டர் வரை நெருங்கும் மேக்ரோ. அதன் சில்லின் பரப்பு சுமார் 31 சதுர மில்லிமீட்டர். 35 மில்லிமீட்டர் பிலிமின் ஒரு சட்டம் 864, அதாவது 28 மடங்கு. பரப்பு சிறுத்தால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் நிழல் பகுதியெங்கும் புள்ளி புள்ளியாக வண்ண இரைச்சல். இக்கேமராவின் அடிப்படை ஒளியுணர் வேகம் 80 ஏஎஸ்ஏ. உள்மண்டப வெளிச்சத்தில் அந்த வேகத்துக்கு ஒரு நொடி வரை ஷட்டர் திறந்திருக்க நேரும், எந்தக் கையும் அதுவரை ஆடாமல் நிற்காது. 400 ஏஎஸ்ஏ பிலிமும் எஃப்/1.8 லென்ஸும் வைத்திருந்த ஸ்டூடியோக்காரர் அதே தூணை ஏறத்தாழ பத்தில் ஒரு நொடியில் முடித்துவிடுவார்.

பிளாஷ் துணைக்கு வருமா? சிறு கேமராக்களின் பிளாஷ் பெரும்பாலும் 3 மீட்டருக்குள் ஓய்ந்துவிடும். லென்ஸை ஒட்டியே அது அமைந்திருப்பதால் சிற்பத்தின் குழிவு நிமிர்வு தட்டையாகிறது. எண்ணெய்ப் பிசுக்கேறிய கருங்கல்லில் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சுகிறது. கியூவி-10இல் பிளாஷே கிடையாது என்பது இவ்விடத்தில் ஒருவகை நேர்மை. கொடுங்கையின் அடியில் நின்று மேல்நோக்கி எடுத்தால் வேறு தொல்லை. வானத்துக்கு அளவு வைத்தால் கல் கரிக்கட்டை. கல்லுக்கு வைத்தால் வானம் வெளுத்து, விளிம்பில் ஊதா நிறக் கோடு. வெளிச்சம் மிகுந்த பகுதியில் கலர் நெகட்டிவ் காட்டிய தாராளம் இந்தச் சில்லுகளுக்கு இல்லை.

அப்படியிருந்தும் கோயில் படமெடுப்பில் டிஜிட்டலே மேல். டியூப்லைட் வெளிச்சத்தில் பிலிமில் பச்சையாக விழும் சிற்பம், வெள்ளைச் சமன் சரிசெய்யும் டிஜிட்டலில் கல் நிறத்திலேயே வரும். 36 படத்து ரோல் முடியக் காத்திருந்து, கழுவி, பிரிண்ட் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும் தவறு, இங்கே அடுத்த நொடியில் தெரியும். கேமராவைத் தூணில் அண்டக் கொடுத்து மறுபடி எடுக்கலாம். கல்வெட்டு படிப்பவருக்கும் சிற்பம் ஆராய்பவருக்கும் இந்த மறுமுயற்சி எந்த மெகாபிக்சலைவிடவும் பெரிது. அச்சுக் கணக்கும் பாதகமில்லை. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 640×480 படம் பாஸ்போர்ட் அளவைத்தான் சற்றே தாண்டும். 1600×1200 ஏறக்குறைய 5க்கு 4 அங்குலம். ஆல்பத்துக்கு அது போதும்.

ஓடுகிற காட்சிக்கு மட்டும் இவை உதவா. பொத்தானை அழுத்திய பின் ஃபோகஸ் தேடி, அளவு பார்த்துப் படம் விழுவதற்குள் ஒரு நொடி போய்விடும். மார்கழித் திருவாதிரையில் புறப்பாட்டின் முகத்தை எடுக்கப்போனவர் சீர்பாதம் தாங்கிகளின் முதுகோடு திரும்ப வேண்டியதுதான். பேட்டரி இன்னொரு பாடு. பெட்டிக்கடையில் கிடைத்த சாதாரணப் பென்சில் செல் திரையையும் மோட்டாரையும் தாங்காமல் சில படங்களில் படுத்துவிடும். சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் பரவிய பிறகே நிலைமை சீரானது.

வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இவற்றில் பல தாக்குப்பிடிக்கவில்லை. 2005 அக்டோபரில் கேனான், நிக்கான், ஃபியூஜி உள்ளிட்ட நிறுவனங்கள் அடுத்தடுத்து அறிவிப்பு வெளியிட்டன: 2002 முதல் 2004 வரையிலான மாடல்கள் சிலவற்றில், சோனி தயாரித்த சிசிடி சில்லு சூடும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் பழுதாகிப் படம் கோணலாகவோ வராமலோ போகலாம், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று. மீமிசல் கடற்கரையை உள்ளடக்கிய ஆவுடையார்கோவில் வட்டம் இந்த வருணனைக்கு அச்சாகப் பொருந்தும்.

அறந்தாங்கி வட்டாரத்துக்கு இக்கேமராக்கள் பெரும்பாலும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் பெட்டியில்தான் வந்தன. கேமரா வந்தது, கணினி வரவில்லை. கார்டு நிறைந்தால் ஸ்டூடியோவிலோ பிரவுசிங் சென்டரிலோ கொடுத்துச் சிடி போட்டு, கார்டை அழித்துவிட்டு அடுத்த விசேஷத்துக்குக் கிளம்பினார்கள். அந்தச் சிடிகளில் பல இன்று எந்த டிரைவிலும் திறப்பதில்லை. அதே குடும்பத்தின் 1980களின் நெகட்டிவ், தகரப்பெட்டியில் கிடந்தாலும், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் முகம் தெரிகிறது. பாதுகாப்பில் பிலிமே வென்றது என்பதில் ஐயமில்லை. ஊட்டியில் 1967 முதல் உற்பத்தி நடத்தி ‘இந்து’ பிலிம் விற்ற ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸோ, டிஜிட்டல் பரவுவதற்கு முன்பே, 1990களின் நடுவில் நலிந்துவிட்டது.

2003இல் 6.3 மெகாபிக்சலும் பெரிய சில்லும் கொண்ட கேனான் இஓஎஸ் 300டி, 900 டாலர் அளவில் வந்ததும் இத்தலைமுறையின் முடிவு தொடங்கியது. மீதியைக் கைபேசிகள் பார்த்துக்கொண்டன. ஆனால் கோயில்களில் அந்தக் கைபேசிக்கும் தடை விதிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது.