முதலில் முழங்கால்

1843-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் லீவர் என்ற மருத்துவர், கர்ப்ப வலிப்பு கண்ட பெண்களின் சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்தார். வெந்த முட்டையின் வெள்ளைக்கருபோல அதில் ஏதோ திரண்டது. அது அல்புமின் என்ற புரதம். வலிப்பு திடீரென்று விழும் இடியல்ல, தன் வருகையைச் சொல்லிவிட்டு வரும் நோய் என்பதற்கு அது முக்கியமான தடயம். 1896-இல் ரிவா-ரோச்சியின் ரத்த அழுத்தமானி வந்ததும் இன்னொரு தடயமும் கைக்கு எட்டியது. தடயம் இருந்து என்ன பயன்? நலமாக நடமாடும் கர்ப்பிணியை அழைத்து உட்காரவைத்துப் பார்த்தால்தானே தெரியும்! பிரிட்டனில் 1929-இல் வகுக்கப்பட்ட முறை, 28 வாரத்துக்குப் பின் இரு வாரத்துக்கு ஒருமுறையும் 36-க்குப் பின் வாரந்தோறும் பரிசோதனை என்றது. கர்ப்ப வலிப்புக்கு முந்திய நிலையான ப்ரீஎக்ளாம்ப்சியாவின் வரலாற்றில் பெரிய திருப்பம் இந்த அலுப்பூட்டும் வழக்கம்தான் என்பேன்.

அப்படியானால் மருந்து ஒன்றுமில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான மேக்பை ஆய்வில், மெக்னீசியம் சல்ஃபேட் வலிப்பு அபாயத்தைப் பாதிக்கும் மேல் குறைத்தது. ஆனால் அதே உப்பு ரத்தத்தில் அளவு மீறினால் மூச்சையே நிறுத்திவிடும். அதனால் அடுத்த ஊசிக்கு முன் செவிலியர் முழங்காலைத் தட்டுகிறார்: கால் துள்ளுகிறதா? நிமிடத்துக்கு எத்தனை மூச்சு? நான்கு மணி நேரத்தில் 100 மில்லி சிறுநீராவது பிரிந்ததா? முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் பக்கத்திலேயே இருக்கும். மருந்தின் பலமே இந்தக் கண்காணிப்பில்தான் நிற்கிறது. மூச்சு தளர்வதற்கு முன்பே முழங்கால் துள்ளல் அடங்கிவிடும். அடங்கினால் அடுத்த ஊசி கிடையாது.