வனஸ்பதி போன வழி

உயர்தர வகுப்பில் இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையைப் படிப்பிக்கும்போது நாம் வழமையாகக் கேட்கும் கேள்வி: "அவ்வளவு பெரிய நாடு எங்களோட என்னத்துக்கு சேர் ஒப்பந்தம் போட்டது?"

1998 டிசம்பர் 28இல் புதுடில்லியில் வாஜ்பாயும் சந்திரிகாவும் ஒப்பமிட்டார்கள். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சின்ன நாடு என்பதால் நமக்குச் சலுகை அதிகம். தீர்வையை நீக்க இந்தியா 3 வருடம் எடுத்தது, நமக்கு 8 வருடம் தந்தது. விலக்குப் பட்டியலில் இந்தியா 429 பொருட்களை வைத்தது, நாம் 1180ஐ வைத்தோம். ஆனால் நம்மிடம் விற்கக்கூடியதாக இருந்த தேயிலைக்கும் ஆடைக்கும் கோட்டா போட்டார்கள். தேயிலை வருடம் 15 மில்லியன் கிலோ மட்டும்தான்.

பிறகு வந்தது வனஸ்பதி. எண்ணெயை நெய் போல இறுக்கிச் செய்கிற கொழுப்பு. பாம் எண்ணெய்க்கு இந்தியாவில் தீர்வை மிக அதிகம், இங்கே குறைவு. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இருந்து எண்ணெயை இங்கே இறக்கி, 35 வீதப் பெறுமதி சேர்த்தால் தீர்வையில்லாமல் இந்தியாவுக்குள் போகலாம். ஆலைகள் முளைத்தன. முதலீட்டில் பெரும்பகுதி இந்தியர்களுடையது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்!

அங்குள்ள உற்பத்தியாளர்கள் கூச்சலிட்டார்கள். டில்லி வருடத்துக்கு 250,000 தொன் என்று எல்லை வைத்தது, அரச நிறுவனம் வழியாக மட்டும் என்றது. ஓட்டை இருந்தது தீர்வை இடைவெளியில். அதை விட்டுவிட்டு மூட்டையை எண்ணினார்கள். 2008இல் இந்தியா தன் விலைவாசிக்காகக் கச்சாப் பாம் எண்ணெய்த் தீர்வையை நீக்கியதும் அந்த வியாபாரமே படுத்துவிட்டது. ஒரு ஆலை முடங்கினால் என்ன நடக்கும் என்பதை வாழைச்சேனைக் கடதாசி ஆலையைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை.

2019 நவம்பரில் பேங்கொக்கில், ஆர்சிஇபி என்ற ஆசியப் பெரும் உடன்படிக்கையிலிருந்து இந்தியா விலகியதும் இதே அச்சத்தால்தான்: சீனப் பொருள் இன்னொரு நாட்டின் பெயரில் உள்ளே வந்துவிடும் என்று. அச்சம் நியாயமானதுதான். ஆனாலும் மற்ற 15 நாடுகளும் அடுத்த வருடமே ஒப்பமிட்டன. உற்பத்தி விதியை எழுதும் மேசையில் இந்தியா இல்லை. இலங்கையோ 2023இல் அங்கே சேர விண்ணப்பித்திருக்கிறது.

இந்தியாவோடு எட்காப் பேச்சும் தொடர்கிறது. "இந்த முறை கோட்டாவ யாரு சேர் எழுதுவாங்க?" என்று கடைசி வாங்கில் இருந்து ஒரு பிள்ளை கேட்டது.